குளியலறை ஜன்னலில் ஓர் உண்ணி

என் ஓரகத்திக்கு ஊரில் வைத்த பெயர் வெள்ளைத்துணி. அவள் உடுத்துகிற நிறத்தைப் பார்த்து வைத்ததல்ல. ஒரு கம்பில் வெள்ளைத் துணியைக் கட்டி, காட்டோரத்துப் புல்லின்மேல் அதை இழுத்துக்கொண்டே நடப்பது அவளுடைய வேலை. காலைப் பனியில் தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. துணி மட்டும் தன்பாட்டுக்குப் புல்லின்மேல் நகர்ந்து போவது போல இருக்கும். பேய் என்று நினைத்து ஒரு பால்வண்டிக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதாகவும் சொல்வார்கள்.

அவள் கால்நடை நோய் ஆய்வகத்தில் டெக்னீசியன். ஆட்டு உண்ணி, மாட்டு உண்ணி, லாரியில் அடிபட்ட மானின் காதிலிருந்து எடுத்த உண்ணி, எதுவானாலும் அவளிடம்தான் வரும். அதை அரைத்து, அதற்குள் என்ன பாக்டீரியா இருக்கிறதென்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அண்ணனை நான் கட்டினேன், தம்பியை அவள் கட்டினாள். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் கீழ்ப்பகுதியில் இருக்கிறேன், அவர்கள் மாடியில். குளியலறை ஒன்றுதான். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

வீட்டில் அவள் பாதி தூக்கத்தில் இருப்பவள் மாதிரி. பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நிற்பாள்; பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். கண்ணெதிரே இருக்கும் உப்பு டப்பாவைக் காணோம் என்று தேடுவாள். ஆனால் ஓடுகிற ஆட்டின் வாலடியில் கடுகளவு உண்ணி இருந்தால் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். என் கொழுந்தன் பஸ் ஓட்டுகிறவன். "கல்யாணமான புதுசுல என் தலையைக் கோதிவிடுவா அண்ணி. அன்புன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, தேடறான்னு" என்பான்.

ஒருநாள் அவளோடு காட்டோரம் வரை நடந்தேன். எனக்கு நடை நல்லதென்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்றபடி பூச்சி பார்க்கிற ஆசை எனக்கில்லை. கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் காடு, இந்தப்பக்கம் மேய்ச்சல் நிலம். பனி இடுப்பளவுக்குத் தரையோடு கிடந்தது. வேலிக்கு அப்பால் மான்கள் கழுத்து மட்டும் தெரிய நின்றன. இந்தப்பக்கம் ஆடுகள் கொம்பு மட்டும் தெரிய நின்றன. அவள் அவற்றின் நடுவே துணியை இழுத்துக்கொண்டு போனாள். யாரும் யாரையும் பார்த்துப் பயப்படவில்லை. சத்தம் என்று பார்த்தால், துணி புல்லில் உரசுகிற சத்தம் மட்டுந்தான்.

சற்று தூரம் போய்த் துணியைப் புரட்டினாள். மிளகுத்தூள் சிந்தினாற்போல உண்ணிகள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் போட்டாள்.

"எப்படிடி தானா வந்து ஏறுது?"

"காத்துக்கிட்டே இருக்கும்க்கா. புல்லு நுனியில ஏறி, முன்னங்கால் ரெண்டையும் விரிச்சு வச்சுக்கிட்டு. யாராவது மூச்சு விட்டுக்கிட்டு அந்தப் பக்கமா வரமாட்டாங்களான்னு. மாசக்கணக்கா சோறு தண்ணி கிடையாது. மூச்சு பட்டதும் முழிச்சுக்கும்."

"உன் புருஷன் பஸ்ஸுக்கு நிக்கிறவங்க மாதிரி."

"அவர் பஸ் சில நாள் வந்துடும்க்கா" என்றாள், சிரிக்காமல்.

அந்த ஆடுகளுக்குச் சொந்தக்காரரை எல்லோரும் மீசை என்பார்கள். முகத்தில் அதுதான் பெரும்பகுதி. மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியூரில். ஆடுகளுக்குச் சிடுமூஞ்சி, மகாராணி, கணக்குவாத்தியார் என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றின் குணத்தையும் சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். முதலில் என் ஓரகத்தியை ஆட்டுப்பக்கம் விடவே இல்லை. "காதைத் தொட்டா பால் சுருங்கிடும்" என்று ஏதோ சொன்னார். அவள் வேலியோரம் உட்கார்ந்துகொண்டு, வருகிற ஆட்டைத் தடவிக்கொடுப்பாள். கொஞ்சநாளில் மகாராணி என்கிற வெள்ளாடு அவளைக் கண்டால் தானே வந்து காதைச் சாய்த்துக் காட்ட ஆரம்பித்தது. அதற்குமேல் மீசையால் என்ன செய்ய முடியும்? "தங்கச்சி, இதனால ஆட்டுக்கு ஒண்ணும் வராதே?" என்று கேட்டார். "உண்ணி போறதுல ஆட்டுக்கு என்ன நஷ்டம்ண்ணே?" என்றாள் அவள். அவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்.

அந்தப் பருவத்தில் மந்தையில் பாதிக்குமேல் சினை. மகாராணியின் காதிலிருந்து அவள் எடுத்த உண்ணிகளில் ஒன்று, இரத்தம் குடித்து அவரை விதை அளவுக்கு ஊதியிருந்தது. மற்றவற்றைப்போல அதைச் சாராயத்தில் போட்டுக் கொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்றை உயிரோடு வைத்திருப்பது அவள் வழக்கம். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அது வளர்ந்தால் என்ன சாதி உண்ணி என்று சந்தேகமில்லாமல் சொல்லலாமாம். ஆய்வகத்தில் அதற்கென்று இருந்த வெதுவெதுப்பான அலமாரி பழுது. ஆகவே ஈரப்பஞ்சு வைத்த ஒரு குப்பியில் அதைப் போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, எங்கள் குளியலறை ஜன்னலில் கொண்டுவந்து வைத்தாள்.

"இது என்னடி?"

"சும்மா இருக்கும்க்கா. நகராது."

"எனக்கு வார்டுல கரப்பான் வந்தாலே ஆகாது. நீ வாடகைக்கு ஆள் வச்சிருக்க."

"பிரசவத்துக்கு வந்திருக்கு. நீங்க பார்க்காத பிரசவமா?"

நான் முறைத்தேன். ஆனால் குப்பியை எடுக்கவில்லை. சோப்பு டப்பாவை மட்டும் தள்ளி வைத்தேன்.

பிறகு ஒரு மதியம் அவள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்தாள். மகாராணி, சிடுமூஞ்சி, மற்ற ஆடுகள், எல்லாவற்றின் உண்ணிகளையும் அரைத்து பி.சி.ஆர். இயந்திரத்தில் போட்டிருக்கிறாள். பாக்டீரியா இருந்தால் திரையில் கோடு மேலே ஏறும். இல்லாவிட்டால் படுத்தே கிடக்கும். அன்றைக்குக் கோடுகள் எல்லாம் மலைபோல ஏறின. கியூ காய்ச்சல் என்கிற நோயின் பாக்டீரியாவைத் தேடும் சோதனை அது. ஆட்டுக்கு வந்தால் குட்டி வயிற்றிலேயே போகும். போகாவிட்டாலும் ஆடு ஈனும்போது நஞ்சுக்கொடியோடு கோடிக்கணக்கில் வெளியே வந்து காற்றில் கலக்கும். மனிதருக்கு நுரையீரலைப் பிடிக்கும், சிலருக்கு இதயத்தை. கர்ப்பிணிகளுக்கு ஆபத்து.

"பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"உடனே சொல்லிட்டேன். சொல்லத்தானே வேணும்."

சொல்லத்தான் வேண்டும். அதில் தப்பில்லை. ஆய்வகத்துத் தலைவரான அந்தப் பெரிய டாக்டரும் கெட்டவரில்லை. ஆடுகளின் இரத்தத்தையும் சோதித்தார். சுத்தமாக இருந்தது. ஆனால் ஈனும்வரை இரத்தத்தில் காட்டாமல் இருக்கும் ஆடுகளும் உண்டாம். மந்தையைத் தாண்டித்தான் குடியிருப்பு. அங்கே பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்தார்கள். குட்டி போட ஆரம்பிப்பதற்கு முன்னால் சினையாடுகளைக் கொன்று புதைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

மீசை எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை. அவள் படியில் நின்றாள்.

"உண்ணி பொறுக்கறேன்னு வந்தே தங்கச்சி. இப்ப உசிரைப் பொறுக்கப் போறியா?"

"அண்ணே, அது வந்து…"

"மகாராணி தானா வந்து காதைக் காட்டிச்சே. உன்னை நம்பித்தானே காட்டிச்சு?" தன்னைப் பற்றிச் சொல்வதற்கு அவருக்கு வாய் வரவில்லை. மீசையை ஒருதரம் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப்பிறகு அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். மதியங்களில் குளியலறை முக்காலியில் உட்கார்ந்து குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்ணி முட்டையிட ஆரம்பித்திருந்தது. பழுப்பு நிறத்தில் மினுமினுவென்று, தேன்துளிகளைக் குவித்ததுபோல. இட இட அது சுருங்கிக்கொண்டே வந்தது. ஜன்னல் வெயில் குப்பியில் பட்டு, எதிர்ச்சுவரில் ஒரு மஞ்சள் வட்டம் விழும். அந்த வட்டம் சுவரில் நகர்ந்து கதவுவரைக்கும் போகும், அவள் அசையமாட்டாள். வெளியே நின்று நான் கதவைத் தட்டுவேன். "குளிக்கிறதுக்குத்தான் கட்டினது இது" என்பேன். எழுந்து வந்துவிடுவாள். கொழுந்தன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணி, இவ மனசுக்கு ஏதும்…" என்று இழுத்தான். "வயித்துக்கு ஒழுங்கா போடு, மனசு தன்னால வரும்" என்றேன். வார்டில் நான் கற்ற வைத்தியம் அவ்வளவுதான்.

தாய் உண்ணி முட்டைக் குவியல்மேலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டு செத்துப்போயிற்று. குட்டி போடும் பருவம் நெருங்கிவிட்டது. மீசையின் பட்டிக்குள் போகும் வழியில் புதைகுழிக்கான சுண்ணாம்பைக் கொட்டி வைத்திருந்தார்கள்.

ஒரு காலை குளியலறையைக் கழுவப் போனேன். குப்பிச் சுவர் முழுக்க மணல் ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தேன். மணல் நடந்தது.

"ஏய், இறங்கி வாடி! உன் பேரப்பிள்ளைங்க வந்தாச்சு. எடுத்துக்கிட்டுப் போறியா, வெந்நீர் ஊத்தட்டா?"

தலை பின்னாத கோலத்தில் இறங்கி வந்தாள். குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் குஞ்சுகள் துணி மூடியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. அவள் மூச்சு பட்டதும் எல்லாம் அந்தப் பக்கமாகத் திரும்பின. அவளும் மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டாள். எத்தனை நேரம் அப்படி நின்றாளோ, எனக்குக் கால் வலித்தது.

"அக்கா" என்றாள். குரல் தூக்கத்திலிருந்து வருவதுபோல இருந்தது. "இதுங்க இன்னும் யாரையும் கடிக்கலையே."

"கடிச்சிருந்தா நான் சும்மா இருப்பேனா?"

"ஆட்டையே பார்த்தது கிடையாது. ஆட்டுகிட்ட இருந்து எதுவும் வாங்கியிருக்க முடியாது."

குப்பியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினாள். செருப்பு இரண்டும் வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்தவை. அதை நான் சொல்வதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

குஞ்சுகளைச் சிறுசிறு கூட்டமாகப் பிரித்து அரைத்துச் சோதித்தாள். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் கோடு ஏறியது. ஆய்வகத்தின் உறைபெட்டியில் கிடந்த பழைய மான் உண்ணிகளை எடுத்தாள். அவையும் இதே சாதி, வேலிக்கு அந்தப்பக்கத்தவை. அவற்றிலும் ஏறியது.

அன்று சாயங்காலம் என் அடுப்படியில் நின்று அவள் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உண்ணிக்கு இரத்தம் ஒன்றுதான் சாப்பாடு. இரத்தத்தில் எல்லாச் சத்தும் கிடையாது. குறைகிற வைட்டமினைச் செய்துகொடுக்க உண்ணிக்குள்ளேயே ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. தாயின் முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும். வாடகைக்குப் பதிலாகச் சமைத்துப் போடுகிற மாதிரி. யாருக்கும் கெடுதல் செய்யாது. அதுவும் கியூ காய்ச்சல் பாக்டீரியாவும் பங்காளிகள்.

"நான் வீட்டுப்பேரைக் கேட்டுட்டு ஆளைப் பிடிச்சுட்டேன்க்கா. அந்தச் சோதனை ரெண்டு பேர்கிட்டயும் ஒத்துப்போற இடத்தைத்தான் தொட்டிருக்கு. ஆளைத் தனியாக் கேட்டிருக்கணும்."

"அப்ப இது அது இல்ல?"

"இல்லைன்னு நினைக்கிறேன்."

"நினைச்சா போதுமா?"

"போதாது" என்றாள். பாலைப் பொங்கவிடாமல் இறக்கினாள். அன்றுதான் முதல்தடவை.

மறுநாள் பெரிய டாக்டர் முன்னால் போய், தன் சோதனை போதாதென்றும் தான் அவசரப்பட்டுவிட்டதாகவும் சொன்னாள். என்னையும் கூட அழைத்துப்போயிருந்தாள். அவர் நீண்டநேரம் திரையைப் பார்த்தார்.

"நோய்க்கிருமியும் முட்டை வழியாப் போறது உண்டு" என்றார்.

"எப்பவாவதுதான் சார். ஒண்ணு விடாம எல்லாத்துலயுமா?"

"அதான் இடிக்குது." பேனாவை உருட்டினார். மரபணுவை எழுத்து எழுத்தாக வாசிக்க வெளியூர்ப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார். அது வருவதற்குள் ஆடுகள் ஈன ஆரம்பித்துவிடும். கடைசியில் ஒரு வழி சொன்னார். முதலில் ஈனுகிற ஆட்டின் நஞ்சுக்கொடி அவருக்கு வேண்டும். நோய் இருந்தால் அதில் மறைக்க முடியாது. இருந்தால் அன்றைக்கே மற்றதெல்லாம் குழிக்குப் போகும். இல்லாவிட்டால் பிழைக்கும். ஆனால் பிரசவம் பார்க்கப் போகிறவருக்கு ஆபத்து உண்டு. பிள்ளை பெறும் வயது தாண்டியவராக இருக்க வேண்டும்.

"நாங்க ரெண்டு பேரும் தாண்டியாச்சு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இதயத்துல ஏதாவது கோளாறு உண்டாம்மா?"

"எனக்கு இதயமே இல்லைன்னு என் மாமியார் சொல்லுவாங்க. நீங்க எதுக்கும் சோதிச்சுக்குங்க."

சோதித்தார். இருந்தது, ஒழுங்காக அடித்துக்கொண்டும் இருந்தது.

பார்த்தால் மகாராணிக்குத்தான் முதலில் வலியெடுத்தது. காலைப் பனி இன்னும் விலகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறையில், முகமூடி, கண்ணாடி, கையுறை சகிதம் பட்டிக்குள் நுழைந்தோம். மீசையை வேலிக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். உறைக்குள் என் மூச்சுச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. கண்ணாடி ஆவியடித்து, ஆடுகள் எல்லாம் பால் கலந்த தண்ணீரில் மிதப்பதுபோல இருந்தன. வேலிக்கு அந்தப்பக்கம் மான்கள் வந்து நின்றன. வார்டில் எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன். வேடிக்கை பார்க்க மான் வந்தது இதுதான் முதல்.

"நர்ஸம்மா! முதுகைத் தடவாதீங்க, அதுக்குப் பிடிக்காது. தாடையைத் தடவுங்க!" வெளியிலிருந்து மீசை கத்தினார்.

"ஆம்பளைங்களை வெளிய நிறுத்தினாலும் இதே தொல்லைதான்" என்றேன். தாடையைத் தடவினேன். அவர் சொன்னது சரிதான், ஆடு அடங்கியது.

மகாராணி எழுந்தது, சுற்றியது, படுத்தது. என் ஓரகத்தி அதன் பின்னால் மண்டியிட்டிருந்தாள். நீர்க்குடம் உடைந்து, முன்னங்கால் இரண்டும் அவற்றின்மேல் மூக்கும் தெரிந்தன. ஒரு முக்கலில் குட்டி வழுக்கிக்கொண்டு அவள் மடியில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. நான் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்துவிட்டேன். இரண்டும் தும்மின.

"என்ன ஆச்சு? தங்கச்சி, என்ன ஆச்சு?" எங்கள் வாசலுக்கு வந்து போன பிறகு அவளோடு அவர் பேசியது அப்போதுதான்.

"ரெண்டுண்ணே. ரெண்டும் உசிரோட."

மீசை வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார்.

நஞ்சுக்கொடி விழக் காத்திருந்தோம். மனுஷியோ ஆடோ, அதை அவசரப்படுத்தக் கூடாது, இழுக்கக் கூடாது. பனி மெல்ல மேலே தூக்கிக்கொண்டு போயிற்று. மகாராணி குட்டிகளை நக்கியது; நடுவில் ஒருதரம் அவளுடைய கையுறையையும் நக்கிவிட்டு, ருசி பிடிக்காமல் முகத்தைச் சுளித்தது. கொடி விழுந்ததும் அவள் அதைப் பையிலிட்டு, பையை டப்பாவிலிட்டு, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். நான் பட்டியிலேயே இருந்தேன். சோதிக்கப் போகிற அவளைத் தவிர யாரும் முடிவு தெரியும்வரை வெளியே வரக்கூடாதென்று உத்தரவு. மீசை வேலிக்கு வெளியே கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். குட்டிகள் நிற்கப் பழகி விழுந்துகொண்டிருந்தன. வெயில் ஏறி, புல் காய்ந்து, மான்கள் போய், எனக்குக் கண் செருகியது.

விழித்தபோது அவள் வேலியருகே நின்றிருந்தாள். முகமூடி கழுத்தில் தொங்கியது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கோடு ஏறவே இல்லண்ணே" என்றாள். "அப்படியே படுத்துக்கிடக்கு."

அவர் எழுந்து பட்டிக்குள் போய், மகாராணியின் காதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சுண்ணாம்பைக் காலால் தள்ளி வழியைச் சுத்தம் செய்தார். அவள் பக்கம் திரும்பாமல் ஆடுகளுக்குத் தழை ஒடிக்கப் போனார்.

பெரிய டாக்டர் அடுத்தடுத்து ஈன்ற ஆடுகளின் கொடிகளையும் சோதிக்காமல் விடவில்லை. எல்லாம் சுத்தம். வெளியூர் ஆய்வகமும் எழுத்துகளை வாசித்துவிட்டு, இது அந்தப் பங்காளி, உண்ணிக்குள் குடியிருப்பவன்தான் என்று சொல்லிற்று. இப்போது அவள் ஒரு கோடு ஏறினால் நம்புவதில்லை. வேறு இரண்டு இடத்திலாவது கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். குளியலறை ஜன்னலில் குப்பி வைப்பது மட்டும் நிற்கவில்லை. அலமாரியைப் பழுது பார்த்தாகிவிட்டதே என்றால், "இங்கதான் வெயில் நல்லா வருது" என்கிறாள்.

குட்டிகள் துள்ள ஆரம்பித்தபின் ஒரு காலையில் அவள் கம்பையும் துணியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் போனேன், நடைக்காக. மீசை தூரத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"புல்லுல இழுத்துக்கோ. வேலியோரமா இழுத்துக்கோ. ஆட்டைத் தொடக் கூடாது."

"சரிண்ணே."

"சொல்லிட்டேன்."

"சரிண்ணே" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கினாள். சற்றுநேரத்தில் ஆள் மறைந்து துணி மட்டும் தெரிந்தது. ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. மகாராணி மந்தையை விட்டு விலகி, குட்டிகள் பின்னால் ஓடிவர, துணியைத் தொடர்ந்து போயிற்று. துணி நின்றது. ஆடு அவள் முட்டியில் முட்டிவிட்டு, வழக்கம்போலக் காதைச் சாய்த்து நின்றது. அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மீசை பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மீசை வேறெங்கோ பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அது பாட்டுக்குப் போய் நின்னா நான் என்ன பண்ணட்டும், நர்ஸம்மா?"

"இதை அவகிட்ட சொல்லுங்க. எனக்கு உண்ணி பொறுக்கத் தெரியாது" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பனியைப் பார்த்துக் கத்தினார்: "நின்னுக்கிட்டே இருக்குதில்ல தங்கச்சி, என்னன்னு பாரேன்!"